செம்மறியின் ரத்தமும் மஞ்சள் மருந்தும்

காரைக்குடியில் ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்தால் கேட்பவர் மனம் நேரே சிக்ரிக்குத்தான் போகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் மனமுவந்து கொடுக்க, 1948 ஜூலை 25ஆம் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1953 ஜனவரி 14ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைக்க, செட்டிநாட்டுப் பொட்டலில் எழுந்து நின்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் கீர்த்தி அத்தகையது. மின்முலாமும் மின்கலமும் துருத் தடுப்பும் பேசிப் பழகிய ஊரில், சுண்டெலியின் மண்ணீரலைத் தேய்த்துப் பிரித்து அதிலுள்ள உயிரணுக்களை எண்ணுவதே என் ஜீவனோபாயம் என்று சொன்னபோது, எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட ஒரு கணம் தயங்கி, 'எலி' என்ற சொல்லைத் தங்களுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

அழகப்பா கல்லூரியில் ரசாயனம் பயின்று, பிற்பாடு உயிர்வேதியியல் பக்கம் ஒதுங்கி, கடைசியில் நோய் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக நிலைத்தவன் நான். வாத நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள், உடம்பில் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் உயிரணுக்களை என்ன செய்கின்றன என்று சுண்டெலிகளில் பரிசோதித்துச் சொல்வது எங்கள் பணிகளுள் பிரதானமானது. முடக்குவாதம் என்பது வயோதிகத்தில் முழங்கால் தேய்ந்து வருகிற வலி அன்று. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திசைமாறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. அந்தச் சக்தியின் ஆயுதங்களுள் ஒன்றான எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, எந்த மருந்து எவ்வளவு குறைக்கிறது, எப்போது கொடுத்தால் குறைக்கிறது என்று அறிவது ஆகவே அவசியமாயிற்று. இவ்விரண்டில் 'எவ்வளவு' என்பதைத்தான் எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். 'எப்போது' என்பதே விஷயத்தின் உயிர்நாடி என்று எனக்குத் தெளிவானதற்கு, யாருடைய உபதேசமும் காரணமில்லை. தட்டு தட்டாக எண்ணிய பழக்கமே காரணம்.

நாங்கள் கையாண்ட முறை, நீல்ஸ் யெர்னே என்ற டென்மார்க் அறிஞரும் ஆல்பர்ட் நார்டின் என்பவரும் 1963இல் வெளியிட்டது. யெர்னேக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது அவருடைய சித்தாந்தங்களுக்காக. என்னைப் போன்ற கைவேலைக்காரர்கள் அவரை நினைத்துக்கொள்வது இந்த ஒரு முறைக்காக. அதற்கு முன்னரெல்லாம் ரத்த நீரைப் படிப்படியாக நீர்த்து, எந்த மட்டம்வரை அது சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்று பார்த்து எதிர்ப்பொருளின் அளவை மதிப்பிட்டார்கள். களஞ்சியத்தில் கிடக்கும் நெல்லை அளந்துவிட்டு, இந்தப் போகம் எத்தனை வயலில் விளைந்தது என்று சொல்ல முற்படுவதற்கு ஒப்பானது அது. முன்பு சுரந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் பல நாள் தங்கும். ஆதலால் உற்பத்தி நின்று போனதை ரத்த நீர் உடனே காட்டிக்கொடுப்பதில்லை. யெர்னே உற்பத்தியாகும் இடத்துக்கே போனார்; சுரக்கும் உயிரணுக்களைத் தனித்தனியே கண்ணுக்குத் தெரியச் செய்தார்.

செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், அதன் உடம்பு அவற்றை அந்நியம் என்று கண்டுகொண்டு எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கும். நான்காம் நாள் அந்த உற்பத்தி உச்சத்துக்கு வரும். அன்று மண்ணீரலை எடுத்து, ஐஸ் மேல் வைத்த கரைசலில் மெல்லிய கம்பிவலையில் தேய்த்து உயிரணுக்களை உதிர்த்து, அவற்றோடு செம்மறியின் சிவப்பணுக்களையும் சேர்த்து, சுமார் 45 டிகிரிச் சூட்டில் இளகி நிற்கும் அகரோஸில் கலந்து, உறைவதற்குள் பெட்ரி தட்டில் பரப்பிவிட வேண்டும். தட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் இருக்கும்போது, எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணு எந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டதோ அந்த இடத்திலேயே அதைச் சுற்றியுள்ள சிவப்பணுக்களின் மேல் எதிர்ப்பொருள் சுரந்து படியும். அதன் பிறகு கினிப்பன்றியின் ரத்த நீரை ஊற்றினால், அதிலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொகுதி, எதிர்ப்பொருள் படிந்த சிவப்பணுக்களை மட்டும் உடைத்துவிடும். சிவந்த தட்டில் அங்கங்கே ஊசிமுனைக்குச் சற்றுப் பெரிதான தெளிந்த வட்டங்கள் தோன்றும். இவற்றைத்தான் பிளாக் என்பது. ஒரு வட்டத்துக்கு ஓர் உயிரணு. கினிப்பன்றியின் ரத்த நீரிலேயே செம்மறிக்கு எதிரான சுபாவமான எதிர்ப்பொருள் சிறிதளவு இருக்குமாகையால், அதை முன்கூட்டியே செம்மறியின் சிவப்பணுக்களோடு குளிரில் கலந்துவைத்து நீக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சடங்கில் சோம்பல் பட்டவன் தட்டு முழுவதும் வெளுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

எண்ணுவது ஒரு தனி வித்தை. விளக்கு மேலிருந்து விழக்கூடாது, பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். தட்டின் அடியில் கறுப்புத் துணி வேண்டும். உண்மையான பிளாக்கின் விளிம்பு பஞ்சுபோலாகி மெதுவாகச் சிவப்பில் கரையும். லென்ஸை நெருக்கிப் பிடித்தால் அதன் நடுவே அந்த ஒற்றை உயிரணு ஒரு புள்ளியாகத் தெரியும். காற்றுக் குமிழிக்கோ விளிம்பு கத்தியால் வெட்டியதாக இருக்கும், ஒரு பக்கம் பளபளக்கும், நடுவில் ஒன்றும் இராது. புதிதாக வந்த பையன்கள் குமிழிகளையும் சேர்த்து எண்ணிப் பெரிய தொகையாக எழுதிக்கொண்டு உற்சாகமாக வருவார்கள். எந்தத் தட்டு மருந்து பெற்ற எலியினுடையது, எந்தத் தட்டு பெறாததனுடையது என்று எண்ணுகிறவனுக்குத் தெரியவே கூடாது. குறி போடுபவர் ஒருவர், எண்ணுபவர் வேறொருவர். மனிதனுடைய கண் தான் விரும்பியதைப் பார்க்கும் சாமர்த்தியம் உடையது என்பதால் இந்த ஏற்பாடு.

இத்தனைக்கும் ஆதாரம் செம்மறியின் ரத்தம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இராமநாதபுரம் வெள்ளை என்ற ரகம் சிவகங்கைச் சீமையெங்கும் மேய்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள், கோடையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே மந்தையை நிறுத்துவதுண்டு. அவர்களுள் வயதான ஒருவரோடு நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தோம். காதில் அடையாளம் வெட்டிய ஒரே ஒரு ஆட்டின் கழுத்து நரம்பிலிருந்துதான் எப்போதும் சிறிதளவு ரத்தம் எடுப்போம். எடுத்ததை அப்போதே, சர்க்கரையும் சிட்ரேட்டும் உப்பும் சேர்ந்த ஆல்சீவர் கரைசலில் சம அளவாகக் கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்புவோம். கீதாரிக்கு இது பொறுக்கவில்லை.

"எதுக்குத் தம்பி, ஒரே ஆட்டையே போட்டுக் குத்துறீக? மந்தையில இம்புட்டு நிக்குதுல்ல. ஆட்டுக்குக் கொஞ்சமா எடுத்தா அதுகளுக்கும் நோவு தெரியாது, உங்களுக்கும் ரத்தம் தேறும்."

"இல்லண்ணே, ஆட்டுக்கு ஆடு ரத்தம் உடையிற பக்குவம் வேற. போன மாசம் ஒரு ஆடு, இந்த மாசம் ஒரு ஆடுன்னு எடுத்தா, எலிக்குக் கொடுத்த மருந்தால கணக்கு மாறிச்சா, ஆடு மாறுனதால மாறிச்சான்னு எங்களுக்கே தெரியாமப் போயிரும்."

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அதுக்கு மட்டும் ஒரு கை கம்பு கூட வாங்கிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அதன்பின் ரத்தச் செலவில் கம்பும் ஒரு கணக்காக ஏறிற்று. அந்த ஆடு எங்கள் காலத்தில் மந்தையிலேயே கொழுத்த ஆடாக விளங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

செம்மறிக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள சம்பந்தம் எங்கள் எலிக் கூண்டோடு முடிவதன்று. நார்வேயில் எரிக் வாலர் 1940இலும், அமெரிக்காவில் ரோஸ் 1948இலும், முயலின் எதிர்ப்பொருள் மெல்லியதாகப் பூசப்பட்ட செம்மறிச் சிவப்பணுக்களை முடக்குவாதக்காரரின் ரத்த நீர் கட்டிகட்டியாகச் சேர்த்துவிடுவதைக் கண்டார்கள். எதிர்ப்பொருளையே எதிர்க்கும் ஓர் எதிர்ப்பொருள் அந்த நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதே இதற்குக் காரணம். இன்று எந்த ஊர் பரிசோதனை நிலையத்திலும் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு மூலபுருஷர் அந்தச் செம்மறிதான். எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுக்களை அடக்கினால் வாதம் அடங்குமோ என்ற ஆசை வைத்தியர்களுக்கு உண்டானதில் ஆச்சரியம் என்ன?

நாங்கள் பரிசோதித்த மருந்துகள் பல. தங்கத்தின் உப்பை ஊசியாகப் போடும் வைத்தியத்தை ஃபிரெஞ்சு வைத்தியர் ஃபொரஸ்தியே 1929இல் முடக்குவாதத்துக்குக் கொண்டுவந்தார் என்று நான் சொன்னபோது, எங்கள் தெருவில் ஒருவர், "நம்ம ஊர்க்காரங்க தங்கத்தை உடம்புக்கு மேலேதான் போட்டுப் பார்த்திருக்காக" என்று சிரித்தார். ஆனால் என் கையில் அதிக நாள் பழகியது மெதோட்ரெக்ஸேட் என்ற மஞ்சள் மருந்து; நான் இங்கே விஸ்தாரமாகச் சொல்ல விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

இந்த மருந்தின் பூர்வோத்தரம் சென்னை ராஜதானியோடு சம்பந்தப்பட்டது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையில் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதனால் அறுவை வைத்தியப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். பாஸ்டனுக்குச் சென்ற அவர் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளக்கும் முறையை, உயிர்வேதியியல் படித்த எந்த மாணவனும் நீலக் கரைசலாகக் குழாயில் கண்டிருப்பான். நானும் மாணவப் பருவத்தில் அந்த நீலத்தைப் பார்த்தவன்தான். பின்னர் லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைமையை அவர் வகித்த காலத்தில், ஃபோலிக் அமிலத்தையும், அதன் உருவத்தை ஏறக்குறைய அப்படியே கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் எதிரிகளையும் அவருடைய குழுவினர் செய்துமுடித்தார்கள். அமினாப்டெரின் என்ற அத்தகைய ஒன்றைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைச் சிறிது காலம் தணித்துக் காட்டி, 1948இல் அதை வெளியிட்டார். சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார். அமினாப்டெரினின் உடன்பிறப்புதான் மெதோட்ரெக்ஸேட். 1951இல் குப்னர் என்பவர் அமினாப்டெரின் வாதத்தையும் சோரியாஸிஸையும் தணிப்பதைக் கண்டு எழுதியும், கார்டிஸோனின் புகழ் ஓங்கியிருந்த நாளாகையால் யாரும் செவிசாய்க்கவில்லை. அமெரிக்க அரசு மெதோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்கென்று அங்கீகரித்தது 1988இல்தான். இத்தகைய மருந்தின் கர்த்தாக்களுள் ஒருவரைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவது எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலத்தின் உதவி வேண்டும். மெதோட்ரெக்ஸேட் அந்த உதவியை அறுக்கிறது. இதைப் புத்தகத்தில் படிப்பது ஒரு விஷயம், தட்டில் பார்ப்பது வேறு விஷயம். செம்மறிச் சிவப்பணுவை ஊசி போடுவதற்கு இரண்டு நாள் முன்னரே மருந்தைக் கொடுத்து நிறுத்திவிட்டால், நான்காம் நாள் தட்டில் பிளாக்குகள் மருந்தே காணாத எலியின் தட்டிலிருப்பதற்கு அதிகம் குறையாமல் நிற்கும். அதே அளவு மருந்தை, சிவப்பணு ஊசிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளுமாகக் கொடுத்தால் தட்டு சிவந்து கிடக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு தேட வேண்டும். அந்நியப் பொருளைக் கண்ட உயிரணுக்கள் வெகுவேகமாகப் பெருகும் நாட்கள் அவை. பெருகும் வேளையில்தான் மருந்து அவற்றைப் பிடிக்கிறது. உறங்கிக்கொண்டிருக்கும் உயிரணுவை அது பொருட்படுத்துவதில்லை. முழு வளர்ச்சி அடைந்து, பிரிவதை நிறுத்திவிட்டு, எதிர்ப்பொருள் சுரப்பதையே தொழிலாகக் கொண்டுவிட்ட உயிரணுவையும் அது அநேகமாக விட்டுவிடுகிறது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு அப்படியன்று, அதை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் அடிக்கும். இரண்டையும் 'எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள்' என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறவர்களைக் கண்டால், ஒரு நாள் எங்கள் மேஜையில் உட்காரவைத்து எண்ணச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

மருந்தைத் தயாரிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. தூள் நல்ல மஞ்சள். வெறுந் தண்ணீரில் கரைய மறுக்கும், சோடா உப்புக் கரைசலைச் சிறிது சேர்த்தால் கரைந்துவிடும். வெளிச்சம் ஆகாது, ஆகவே பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம். அதுவும் உயிரணுவைக் கொல்லும் மருந்தாகையால் கையுறை இல்லாமல் தொடலாகாது.

கணக்கு எழுதும்போது இன்னொரு சங்கடம் காத்திருக்கும். பத்து லட்சம் மண்ணீரல் உயிரணுக்களுக்கு இத்தனை பிளாக் என்று சொல்வது ஒரு வழக்கம். முழு மண்ணீரலுக்கு இத்தனை என்று சொல்வது மற்றொரு வழக்கம். இத்தகைய மருந்துகள் மண்ணீரலையே சுருக்கிவிடுகின்றன. மண்ணீரல் பாதியாகச் சுருங்கி, அதில் பிளாக் உண்டாக்கும் உயிரணுக்களும் பாதியானால், பத்து லட்சத்துக்கு இத்தனை என்ற விகிதம் சிறிதும் மாறாது. மருந்து ஒன்றுமே செய்யவில்லை என்று அந்தக் கணக்கு சாதிக்கும்; எலியின் உடம்பிலோ எதிர்ப்பொருள் உற்பத்தி பாதிக்குமேல் இல்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

செட்டிநாட்டு வெயில் வேறு. கத்திரியில் 40 டிகிரியை எட்டும் ஊரில், எலிகளின் அறை குளிராமல் போனால் மருந்து கொடுக்காத எலிக்கே பிளாக்குகள் குறைந்துபோகும். உபத்திரவப்படும் உடம்பு தன் சொந்த ஸ்டெராய்டைச் சுரந்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கிக்கொள்கிறது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வெள்ளைச் சுண்டெலிகள் வந்தால், பிரயாண அலுப்புத் தீரும்வரை அவற்றைத் தொடுவதில்லை. 1998இல் பிராணிப் பரிசோதனை விதிகள் வந்தபின், எத்தனை எலி, ஏன் அத்தனை, அவற்றின் வேதனையைக் குறைக்க என்ன ஏற்பாடு என்றெல்லாம் நெறிக்குழுவின் முன் எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டியதாயிற்று. சிலர் அதைத் தொந்தரவு என்று முணுமுணுத்தார்கள். என் அபிப்பிராயத்தில் அது நெடுநாள் முன்பே வந்திருக்க வேண்டிய விதி. எதற்காகக் கொல்கிறோம் என்று எழுத முடியாதவன் கொல்லக்கூடாது.

இனி, எலியில் கண்டது மனிதரின் விரலுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி வாரத்துக்கு 15 மில்லிகிராம் உட்கொண்டால், கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் ஆகிறது. எலிக்கு நாங்கள் கிலோவுக்குச் சில மில்லிகிராம் கொடுத்தோம். பத்து மடங்கு என்று பதற வேண்டியதில்லை; உடம்பின் மேற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் வழக்கப்படி எலியின் அளவைச் சுமார் 12 ஆல் வகுத்தால்தான் மனிதருக்குரிய அளவு வரும், அப்படி வகுத்தால் இரண்டும் அருகருகே வந்துவிடுகின்றன. வித்தியாசம் அளவில் இல்லை. நாங்கள் அடுத்தடுத்த நாட்களில் கொடுத்தோம், நோயாளி வாரத்துக்கு ஒருமுறை உட்கொள்கிறார் என்பதில் இருக்கிறது. மேலும், வாதக்காரருக்கு மெதோட்ரெக்ஸேட்டோடு ஃபோலிக் அமிலமும் கொடுக்கிறார்கள். அதனால் வாய்ப்புண் முதலிய உபத்திரவங்கள் தணிகின்றனவே தவிர, வாதத்துக்குக் கிடைத்த குணம் கெட்டுப்போவதில்லை. அப்படியானால் மூட்டின் வீக்கத்தைத் தணிப்பது ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் வேலை மட்டும் அன்று. அடினோஸின் என்ற பொருளை மூட்டில் பெருக்கி அழற்சியைத் தணிப்பதே முக்கிய காரணம் என்று பின்வந்த ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே எங்கள் தட்டுகள் வாதம் ஏன் குணமாகிறது என்பதைச் சொல்லவில்லை. எதிர்ப்பொருளை உண்டாக்கும் உயிரணுவுக்கு எந்த நாளில் ஆபத்து என்பதை மட்டுமே சொல்லின.

அந்தச் சிறிய விஷயம் பின்னாளில் பயன்பட்டது தடுப்பூசியில். தடுப்பூசியும் உடம்புக்கு ஓர் அந்நியப் பொருளை அறிமுகப்படுத்துவதுதானே! மெதோட்ரெக்ஸேட் உட்கொள்ளும் முடக்குவாதக்காரருக்கு இன்ஃப்ளுயென்ஸா தடுப்பூசி சரியாகப் பிடிப்பதில்லை என்று கண்ட கொரிய வைத்தியர்கள், மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று பலவிதமாகப் பிரித்துப் பார்த்து 2017இலும் 2018இலும் வெளியிட்டார்கள். தடுப்பூசிக்கு முன்பு மட்டும் நிறுத்தியவர்களுக்கு அதிக லாபம் இல்லை. ஊசிக்குப் பின் இரண்டு வாரம் நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்பொருள் நன்றாக ஏறிற்று. இங்கிலாந்தில் கோவிட் பூஸ்டர் ஊசிக்குப் பின் இவ்வாறே இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து 2022இல் வெளியிட்ட சோதனையில், எதிர்ப்பொருள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. கூடவே மூட்டுவலி கிளம்பியவர்களும் அதிகம், ஆனால் பெரும்பாலோர் வீட்டிலேயே சமாளித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுரையை வாசித்தபோது, மருந்து பின்னால் போன எலிகளின் சிவந்த தட்டுகள்தான் என் கண்முன் நின்றன.

எங்கள் தெருக்கோடி ஆச்சி ஒருவர் பனையோலையில் கொட்டான் முடைவதில் கைதேர்ந்தவர். விரல் கணுக்கள் வீங்கி, காலையில் வெகுநேரம் கை மடங்காமல் போனபின், மதுரையில் வைத்தியம் பார்த்து வாரம் ஒருமுறை, சனிக்கிழமை சனிக்கிழமையாக இந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். தினமும் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு இது கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகையால், நாள்காட்டித் தாளில் சனிக்கிழமைகளை மட்டும் நானே சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்திருந்தேன். பூஸ்டர் ஊசி போட்டுக்கொண்ட வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, ஊசி போட்டதுக்கப்புறம் ரெண்டு சனிக்கிழமை மாத்திரை வேண்டாம்னு டாக்டர் சொல்றாக. ஊசிக்கு முந்தியே நிப்பாட்டியிருந்தா ஒரேயடியா முடிஞ்சிருக்குமுல்ல? இப்ப விட்டா கை பிடிச்சுக்கிருமே."

"முந்தி நிப்பாட்டிப் பிரயோஜனம் இல்ல ஆச்சி. ஊசி போட்டதுக்கப்புறம் உடம்பு வேலை செய்யிற நாள்லதான் அந்த மாத்திரை குறுக்க வரும். டாக்டர் சொன்னபடியே விட்டுருங்க. வலி தாங்கலேன்னா அவுகளுக்கே போன் பண்ணிக் கேட்டுக்குவோம்."

அந்த இரண்டு சனிக்கிழமைகளின் சிவப்புச் சுழியையும் அடித்துவிட்டுத் தாளை அவரிடம் கொடுத்தேன். இரண்டாம் வாரக் கடைசியில் கை சற்றுப் பிடித்துக்கொண்டதாகவும், வெந்நீர் ஒத்தடத்தில் தணிந்ததாகவும், செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த கல்யாணக் கொட்டான்களில் பாதியைத் தம் தங்கையிடம் தள்ளிவிட்டதாகவும் பிறகு சொன்னார்.